எட்டு அங்குலக் குழல்

நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவருக்கு நான்கு அங்குலக் குழல் ஒத்துவராது. இலக்குப் பயிற்சிக்கு ரிவால்வர் வாங்கலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வெள்ளெழுத்து விழுந்த கண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்கும். குழலின் முனையில் குறி பார்ப்பதற்காக இருக்கும் முள் எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவு தெளிவாகத் தெரியும். நான் இருபத்தாறு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். கண்ணைப் பற்றி நான் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

ஐயா, நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்த இரண்டு பக்கங்களையும் படித்தேன். நேற்று நான் வாயால் சொன்னது அப்படியே இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. அதனால்தான் வெள்ளைத் தாள் கேட்டேன். என் தங்கையின் கணவர் கீழ்த்தளத்தில் உங்கள் காவலில் இருக்கிறார். வியாழக்கிழமை அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகிறீர்கள். துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டது தன் குற்றம்தான் என்று அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். வியாழக்கிழமைக்கு முன்னால் நான் இதை எழுதி முடிக்க வேண்டும்.

எட்டு அங்குலக் குழலை அவர் ஏன் வாங்கினார் என்று நேற்று கேட்டீர்கள். அவருக்குப் பிடித்திருந்தது என்றேன். அது பொய். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது, பலம் திரும்பவில்லை. டார்ச் விளக்கைக்கூட இடது கையில்தான் பிடிப்பார். எழுதுவதும் சுடுவதும் மட்டும் வலது கையால்.

அவரைத் துப்பாக்கிச் சங்கத்துக்கு அழைத்துப் போனவன் நான்தான். ஞாயிற்றுக்கிழமையும் லிஃப்ட் மோட்டார் அறையே கதி என்று கிடக்கிறாரே, உன்கூடக் கூட்டிக்கொண்டு போயேன் என்று என் தங்கை நச்சரித்தாள். முதல் நாள், சங்கத்தின் பொதுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தோம். ஆறு அங்குலம், பழையது. பத்துக் குண்டு சுட்டார். பத்தும் ஒரு டீத் தட்டுக்குள் அடங்கிவிட்டன. நான் முதல் நாள் சுட்ட பத்தில் பாதி தாளிலேயே படவில்லை. சங்கத்தில் எல்லாரும் அவர் தோளைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து என் அலமாரியைத் திறந்து பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருடாந்தரக் கோப்பை ஏழு வருடமாக என்னிடம்தான் இருந்தது. ஏழும் அங்கே வரிசையாக நின்றன.

சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று அவர் முடிவு செய்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் பச்சைத் துணியை விரித்து மூன்று ரிவால்வர்களை வைத்தார். நான்கு, ஆறு, எட்டு அங்குலங்கள். குழல் நீளமானால் குண்டு நேராகப் போகும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. முனையில் இருக்கும் முள்ளுக்கும் பின்னால் இருக்கும் பள்ளத்துக்கும் நடுவில் தூரம் கூடினால், நாம் குறி பார்ப்பதில் செய்யும் சின்னத் தப்பும் கண்ணுக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான். அதற்கு நாம் கொடுக்கும் விலை கனம்தான். எட்டு அங்குலத்திலேயே இரண்டு தினுசு உண்டு. ஒன்றில் குழல் ஒல்லியாக இருக்கும். இன்னொன்றில் குழலுக்கு அடியில் முனை வரைக்கும் தடித்த இரும்பு ஓடும். பலமான மணிக்கட்டு உள்ளவர்களுக்கு அந்த முன்கனம் ஒரு வரம். கை ஆடாது. பலமில்லாதவர்களுக்கு அதுவே தண்டனை. ஆறாவது ஏழாவது குண்டுக்குள் முனை தொங்க ஆரம்பித்துவிடும்.

கடைக்காரர் நல்ல மனிதர். மாப்பிள்ளையின் கையைப் பார்த்தார், மணிக்கட்டைப் பற்றிக் கேட்டார். "சாருக்கு ஆறு அங்குலம், ஒல்லிக் குழல். இது போதும்" என்றார்.

"கண்ணுன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்றேன். "எட்டுதான். அடியில இரும்பு ஓடுறது. கை ஆடாம இருக்கும்."

மாப்பிள்ளை இரண்டையும் தூக்கிப் பார்த்தார். எட்டு அங்குலத்தைப் பிடித்தபோது மணிக்கட்டு நடுங்கியது. எனக்குத் தெரிந்தது, கடைக்காரருக்கும் தெரிந்தது.

"மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

கண்ணைப் பற்றி நான் சொன்னது உண்மைதான். என் வாழ்க்கையில் முழுப் பொய் குறைவு ஐயா. நான் பாதி உண்மைக்காரன். அவருக்கு ஏற்றது ஆறு அங்குலம் என்று எனக்குக் கடைக்குப் போகும் முன்பே தெரியும். இரண்டு மாதத்தில் கை வலிக்கிறது என்று அலுத்துப்போய் விட்டுவிடுவார் என்று எண்ணினேன்.

அவர் விடவில்லை. லிஃப்ட் மோட்டார் அறைகளில் சாப்பாட்டு இடைவேளையில் தண்ணீர் பாட்டிலை வலது கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் அரை பாட்டில், பிறகு முழு பாட்டில். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக் கூடத்தில் காலித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைக் குறி பார்த்து அரை மணி நேரம் விசையை இழுத்துப் பழகினார். இது எல்லாத் துப்பாக்கிக்காரர்களும் வீட்டில் செய்வதுதான். அவர் ஒருநாள்கூட விடாமல் செய்தார். அந்தக் கனமான குழல் அவர் கையைக் கெடுக்கும் என்று நினைத்தேன். அது அவர் கையைத் தேற்றிவிட்டது.

பத்தாவது மாதம் கோப்பையை அவர் வாங்கினார். அறுநூறு புள்ளிக்கு ஐந்நூற்று அறுபத்தொன்று அவருக்கு. ஐந்நூற்று ஐம்பத்தேழு எனக்கு. பரிசு வாங்கிக்கொண்டு இரண்டே வாக்கியம் பேசினார். கூட்டத்தில் பேசி அவருக்குப் பழக்கம் இல்லை. "இந்தத் துப்பாக்கிய எனக்குத் தேர்ந்தெடுத்துக் குடுத்தது மச்சான்தான். இந்தக் கண்ணாடியும் அவர் செஞ்சு குடுத்ததுதான்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வேறு நாகரிகமான வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

அந்தக் கோப்பையை என் தங்கை சமையலறைச் சுவரில் அடித்த ஒரு பலகைத் தட்டில் வைத்து அதில் கரண்டிகளைப் போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் என் முகம் மாறியிருக்க வேண்டும். "என்ன அண்ணா, கரண்டிக்குக் கூடாதா? உன்னோட ஏழும் சும்மாதானே தூசி தின்னுட்டு நிக்குது" என்று சிரித்தாள். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், என் பெருமையில் ஊசி குத்திப் பார்ப்பாள். நானும் சிரித்தேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரில்தான் அந்தத் தட்டு இருந்தது. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுட்டு முடித்ததும், தோட்டா போடும் ஆறு ஓட்டைகள் உள்ள சிலிண்டரைத் திறந்து காலித் தோட்டாக்களை எடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவரிடம் காட்ட வேண்டும். அவர் ஆறு ஓட்டைகளையும் தன் கண்ணால் பார்த்து "காலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மூடிப் பெட்டியில் வைக்கலாம். பழைய ஆட்கள் பலர் அதை ஒரு சடங்குபோலச் சொல்வார்கள். மூடும் முன்னால் தாங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

மாப்பிள்ளை பார்க்கமாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். அவர்கள் தொழிலில், கீழே குழிக்குள் ஒருவர் இறங்கி வேலை செய்யும்போது மேலே இன்னொருவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் குரல் கொடுப்பாராம். அந்தக் குரலைக் கேட்டதும் கீழே இருப்பவர் கம்பிக்குள் கையை விட்டுவிட வேண்டும். "மேல ஏறி வந்து நாமளும் ஒரு தடவ பார்த்தா, அந்த ஆளு மூஞ்சில எப்படி முழிக்கிறது மச்சான்? நம்பித்தான் கைய வைக்கிறோம்" என்றார். அதோடு, பார்த்தாலும் அவருக்குத் தெரியாது. நான் செய்து கொடுத்த கண்ணாடி, நீட்டிய கைக்கு அப்பால் எட்டு அங்குலத்தில் இருக்கும் முள்ளைத் தெளிவாகக் காட்டும். மார்புக்கு அருகில் பிடித்திருக்கும் சிலிண்டர் அதில் வெறும் புகைமூட்டம். அந்த ஒரு காரியத்துக்கு நான்தான் அவர் கண். சங்கத்தில் வேறு யாரோடும் அவர் ஜோடி சேர்ந்ததில்லை.

இன்னொரு பலவீனமும் அவரிடம் இருந்தது. தோட்டாக்களை எடுக்கும்போது குழலை வானம் பார்க்க நிமிர்த்தி, கூடுகளை வெளியே தள்ளும் தண்டை ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். எல்லாம் கொட்டிவிடும். அவர் கை அந்தக் கனத்தை நிமிர்த்திப் பிடிக்காது. மேசைமேல் சாய்த்து, தண்டைப் பாதி அழுத்தி, எட்டிப் பார்க்கும் கூடுகளை விரலால் ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். ஏதாவது விட்டுப்போனால், தண்டை விட்டதும் அது பழையபடி உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். புதிதாகச் சேர்ந்த யாராவது அப்படிச் செய்தால் அன்றைக்கே கையைத் தட்டித் திருத்தியிருப்பேன். அவரைத் திருத்தவில்லை. கோப்பை வாங்கியவருக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது என்று இருந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நாங்கள் கலந்து போடும் பயிற்சி செய்துகொண்டிருந்தோம். சிலிண்டரில் நல்ல தோட்டாக்களையும் சுட்டு முடித்த வெறும் கூடுகளையும் ஜோடியாக இருப்பவர் கலந்து போட்டுக் கொடுப்பார். எது எங்கே என்று சுடுகிறவருக்குத் தெரியாது. வெறும் கூட்டில் விசை விழும்போது கை உதறுகிறதா என்று பார்ப்பதற்காக. கடைசிச் சுற்றில் நான்கு நல்லது, இரண்டு வெறும் கூடு போட்டுக் கொடுத்தேன். ஐந்து முறை விசையை இழுத்தார். அதற்குள் பன்னிரண்டு மணி அடித்தது. மணி அடித்தால் எல்லாரும் நிறுத்திவிட வேண்டும். ஆறாவதாக மிஞ்சியிருந்தது நல்ல தோட்டா. போட்டவன் நான் என்பதால் எனக்குத் தெரியும்.

சிலிண்டரைத் திறந்தார். பாதி அழுத்தினார். ஐந்து பிடுங்கினார். பக்கத்து மேடைக்காரர் ஏதோ கேட்க, அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே என் பக்கம் நீட்டினார்.

"மச்சான்?" என்றார்.

ஐந்து ஓட்டைகளில் வெளிச்சம் தெரிந்தது. ஆறாவதில் பித்தளை தெரிந்தது.

"காலி" என்றேன்.

நீங்கள் தட்டச்சு செய்த தாளில் இந்த இடத்தில் "கவனக்குறைவால் பார்க்கத் தவறிவிட்டேன்" என்று இருக்கிறது. நேற்று நான் அப்படித்தான் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். என் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. போன மாதம்தான் நானே பரிசோதித்துக்கொண்டேன்.

என்ன நினைத்துச் சொன்னேன் என்று கேட்பீர்கள். சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது. யாருடைய துப்பாக்கியாவது சங்கத்துக்கு வெளியே வெடித்தால் அவருக்கு ஆயுள் முழுக்கச் சங்கத்தில் இடம் கிடையாது. கோப்பையையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் கூடத்தில் நின்று விசையை இழுப்பார், சுவரில் ஒரு ஓட்டை விழும், அக்கம்பக்கத்தில் புகார் போகும். இதைத்தான் நினைத்தேன். சுவரில் ஒரு ஓட்டை, ஐயா. இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பது இதுதான்.

ஒரு நொடியில் வாய் தவறிவிட்டது என்று எழுதிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் அவருடைய காரில்தான் திரும்பி வந்தோம். இருபத்தைந்து நிமிடம். பெட்டி பின்சீட்டில் இருந்தது. தங்கைக்குச் சமையலறையில் இன்னொரு தட்டு வேண்டுமாம், அதற்கு அளவெடுக்க ஆள் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். கடையில் வேலை இருக்கிறது என்று இறங்கிக்கொண்டேன். உண்மையிலேயே கடையைத் திறந்தேன், ஞாயிற்றுக்கிழமையில். ஒரு அம்மாவுக்குக் கண் பார்த்தேன், ஒரு கண்ணாடிக்குக் காதுக்கம்பியை முடுக்கினேன். தொலைபேசி என் மேசைமேல்தான் இருந்தது. நடுவில் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் இருந்தது.

இப்போது அந்தச் சுவர். கறுப்புப் புள்ளியை ஒட்டிக் கொடுத்தவனும் நான்தான். துப்பாக்கி வாங்கிய வாரமே, கண் மட்டத்துக்கு அளந்து ஒட்டித் தரச் சொல்லி மாப்பிள்ளை கேட்டார். முதலில் ஜன்னல் பக்கம் இருந்த வெளிச்சுவரில் ஒட்டினேன். சாயங்கால வெயில் கண்ணாடியில் அடித்தது. அதனால் எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். ஒட்டும் முன்னால் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். எதையும் தட்டிப் பார்ப்பது என் பழக்கம். உள்ளே வெற்றாக ஒலித்தது. செங்கல் இல்லை, வெறும் பலகைத் தடுப்பு. "எங்க வேணா ஒட்டு, பெயிண்ட் மட்டும் உரியாம பார்த்துக்கோ" என்று அந்தப் பக்கத்திலிருந்து என் தங்கை சொன்னாள். அவள் குரல் பலகை வழியாக அப்படியே கேட்டது. ஆறு மணிக்கு அவள் எங்கே நிற்பாள் என்று எனக்குத் தெரியும். கோப்பை இருந்த தட்டு எந்த உயரத்தில் இருந்தது என்றும் தெரியும். அன்று கடையில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பலகையின் சத்தம் ஒருமுறை நினைவுக்கு வந்தது. சட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் இருந்தாள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் என்னைப் பக்கத்தில் போகவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே குண்டு பட்டிருந்ததால் குரல் எழும்பவில்லை. காதை வாய்க்கு அருகில் கொண்டுபோனேன்.

"அவரத் திட்டாதண்ணா" என்றாள். "அவர் பார்க்காம செய்யமாட்டார். நீ கூட இரு."

இருக்கிறேன் என்றேன்.

எல்லாம் முடிந்த பிறகு, நீங்கள் அவரை அழைத்துப் போவதற்கு முன்னால், பத்து நிமிடம் நாங்கள் இருவரும் தனியாக இருந்தோம். நான் "காலி" சொன்னதை அவர் உங்களிடம் சொல்லவில்லை. அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை, அவசரத்தில் தானே மூடிவிட்டதாகச் சொல்லியிருந்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"யாருக்கும் ஒரு நாள் கண்ணு தவறும் மச்சான். விசைய இழுத்தது நான்தானே. உங்க தங்கச்சியும் போயாச்சு. நீங்களும் அத வேற சுமக்கணுமா?"

அப்போது அவர் காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். நான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தேன். முதல் நாள் சங்கத்தில் தட்டியதுபோலவே.

அதன்பிறகு பதினோரு நாள் நான் நன்றாகத் தூங்கினேன், சாப்பிட்டேன். நேற்று உங்களிடம் வந்து "கண் தவறிவிட்டது" என்று சொன்னதுகூட நல்லெண்ணத்தில் இல்லை. பாதியைச் சொன்னால் மீதியை யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அவர் குற்றத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்ட பெருந்தன்மையும் என் பேரில் சேரும். நீங்கள் எழுந்து எனக்குக் கை கொடுத்தீர்கள். வெட்கமாக இருந்தது, ஐயா. அந்தக் கையைக் கழுவினேன். கழுவிவிட்டுத்தான் வெள்ளைத் தாள் கேட்டேன்.

எழுத இன்னும் ஒன்று இருக்கிறது. இதைக் கேட்க உங்களுக்குத் தோன்றியிருக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு பத்துக்குத் தொலைபேசி வந்தது. தங்கை வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அம்மா. "உங்க தங்கச்சி வீட்டுல துப்பாக்கி வெடிச்சிருச்சு" என்றார். ஓடி வந்திருப்பார்போல, மூச்சு வாங்கியது. அடுத்ததைச் சொல்ல ஒரு நொடி ஆயிற்று.

அந்த ஒரு நொடியில் நான் மனதுக்குள் அலமாரியில் எட்டாவது கோப்பைக்கு இடம் பார்த்தேன்.